போன் லைன் இல்லாத வீட்டுக்கு இன்டர்நெட்: நீங்க கேட்டதுக்கு என் பதில்

வணக்கம். போன் லைன் இல்லாத வீட்டுக்கு மலிவா இன்டர்நெட் போடறது பத்தி சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு போன வாரம் வாய விட்டுட்டேன், இவ்வளவு பேர் கேப்பீங்கன்னு நெனைக்கல. நான் இன்ஜினியர் எல்லாம் இல்லீங்க. கான்ட்ராக்டர்கிட்ட 14 வருஷம் கேபிள் இழுத்தவன், இப்ப மலேசியாவுல, சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயா டவுன்ல (பெருசுங்களுக்கு இன்னும் பழைய பேரு பத்தாங் பெர்ஜுந்தைதான்) ஹேண்ட்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். ஒரே மாதிரி கேள்வியெல்லாம் ஒண்ணா சேத்துட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணே, எங்க தோட்டத்து லயத்து வீட்டுல டெலிபோன் லைனே இல்ல. முன்ன இருந்த செம்புக் கம்பியயும் எவனோ வெட்டிட்டு போய்ட்டான். லைன் இல்லாம இன்டர்நெட் போட முடியாதுன்னு எங்க மாமா சொல்றாரு, நெசமா?

மாமா சொல்றது ஸ்ட்ரீமிக்ஸ்ங்கற பழைய போன் லைன் இன்டர்நெட் காலத்து கதைம்மா. அப்ப அந்த டெலிபோன் கம்பி வழியாதான் இன்டர்நெட் வரும், அதனால மொதல்ல வீட்டு போன் போடணும், அதுக்கு மாச வாடகை, அப்புறம்தான் மோடம். இப்ப அந்த கதையே இல்ல. வழி மூணு. பைபர் வந்த ஏரியான்னா பைபர், அது தனி கேபிள், பழைய போன் லைனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. பைபர் வரலன்னா சிம் கார்டு போடற மோடம், 4ஜியோ 5ஜியோ. ரெண்டும் இல்லாத காட்டுக்குள்ளன்னா சாட்டலைட்.

மொதல்ல பைபர பாத்துடுங்க. டவுன்ல தாமான் (குடியிருப்பு) வீட்டுல இருக்கிற பாதி பேர் நமக்கு வராதுன்னு அவங்களே முடிவு பண்ணிட்டு மாசம் 100 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல டாப் அப்புக்கு கொட்றாங்க. 2023லயே 100 எம்பிபிஎஸ் பைபர் 99 வெள்ளிக்கு இறங்கிடுச்சு. கம்பெனி வெப்சைட்ல வீட்டு அட்ரஸ போட்டு பாக்கறதுக்கு அஞ்சு நிமிஷம், காசு கெடையாது. விளம்பரத்துல இருக்கிற விலை மேல 6 விழுக்காடு சர்வீஸ் டேக்ஸ் வரும், அதையும் கூட்டிக்கோங்க. 2024ல பல சர்வீஸுக்கு 8 ஆக்கினப்பவும் போன், இன்டர்நெட்டுக்கு 6லயே விட்டாங்க.

கேள்வி: எந்த கம்பெனி சிம் நல்லது தம்பி? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

நூறு தடவ கேட்ட கேள்வி, என்கிட்ட பதில் ஒண்ணுதான் அக்கா. நல்ல கம்பெனின்னு ஒண்ணு இல்ல, உங்க வீட்டு ஜன்னலுக்கு எந்த டவர் தெரியுதோ அதுதான் நல்ல கம்பெனி. பக்கத்து லயத்துல பறக்கற சிம் உங்க அடுப்படில செத்து கெடக்கும். அதனால பெலான பாக்கறதுக்கு முன்னாடி வீட்ட அளந்துடுங்க.

எப்படின்னா, அக்கம்பக்கத்துல ஆளுக்கொரு கம்பெனி சிம் வச்சிருப்பாங்க இல்ல, அவங்கள ஒரு சாயந்திரம் டீக்கு கூப்பிடுங்க. ஆண்ட்ராய்டு போன்னா செட்டிங்ஸ்ல அபௌட் போன் போய் சிம் ஸ்டேட்டஸ் தொறந்தா சிக்னல் ஸ்ட்ரெங்த்ன்னு மைனஸ் போட்டு ஒரு நம்பர் வரும். ஐபோன்ல *3001#12345#* அடிச்சு கால் பட்டன அமுக்குங்க. 4ஜில நிக்கிறப்ப மைனஸ் 90க்கு உள்ள இருந்தா ராஜா, 100 கிட்டன்னா சமாளிக்கலாம், 110ஐ தாண்டினா அழுகைதான், 120ன்னா ஒண்ணுமில்ல. மேல காட்டுற கோடு கோடான சின்னத்த நம்பாதீங்க, அது ஒவ்வொரு போன்லயும் ஒவ்வொரு மாதிரி பொய் சொல்லும்.

போன மாசம் ஒரு வீட்டுக்கு போனேன். ஹால்ல டிவி பக்கத்துல மோடம், அதுக்கு மேல சாமி படம், நம்பர் மைனஸ் 118. அந்தம்மா பாவம், மோடத்துக்கும் சேத்து விபூதி வச்சிருந்தாங்க. போன கைல புடிச்சுக்கிட்டு ரூம் ரூமா நடந்தேன். பின்னாடி சமையல்கட்டு, அம்மிக்கல் பக்கத்துல மரச்சட்டம் போட்ட ஜன்னல், அங்க மைனஸ் 97. ஒரு மைலோ டின்ன கவுத்து போட்டு மோடத்த அது மேல வச்சு, கடையில இருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கியாந்து மாட்டினேன், செலவு 18 வெள்ளி. கம்பெனி மாத்தல, பெலான் மாத்தல. அந்தம்மா மாத்தறதுக்குன்னு 24 மாச கான்ட்ராக்ட் பாரம் வேற வாங்கி வச்சிருந்தாங்க!

இன்னொண்ணு, ஸ்பீட் டெஸ்ட்ட ராத்திரி 8லேந்து 11க்குள்ள பண்ணுங்க. மதியம் எல்லாரும் வேலைக்காட்டுல இருப்பாங்க, டவர் காலியா கெடக்கும், எந்த சிம்மும் நல்லாத்தான் ஓடும். இஷ்டப்பட்ட கம்பெனி கெடச்சதும் ஒரு பிரீபெய்டு சிம் வாங்கி ஒரு வாரம் ராத்திரி ஓட்டி பாத்துட்டு அப்புறமா கான்ட்ராக்ட்ல கையெழுத்து போடுங்க. டியூன் டாக், ரெட்ஒன் மாதிரி சின்ன பேருங்களுக்கு சொந்தமா டவர் கெடையாது, பெரிய கம்பெனி டவர்லதான் ஓடறாங்க. பெரியவன் அங்க செத்தா இவனும் சேந்துதான் சாவான், பேர பாத்து ஏமாந்துடாதீங்க.

கேள்வி: செம்பனை மரத்தால சிக்னல் போகுதுன்னு சொல்றாங்களே, சும்மாவா?

சும்மா இல்ல, உண்மை. மட்டையில தண்ணி நிக்குது பாருங்க, ரேடியோ அலைய அது குடிச்சுடும், மழை பேஞ்சு மரம் நனைஞ்சா இன்னும் மோசம். எங்க ஊரு இதுல சீனியர். நாட்டுலயே மொத வாணிபச் செம்பனைத் தோட்டம் 1917ல இங்க தென்னமராத்துலதான் போட்டாங்க, அதனால நம்ம சிக்னல் பிரச்சனைக்கு வயசு நூறுன்னு கடையில கிண்டல் பண்ணுவேன். ஒரு வேடிக்கைய பாத்திருப்பீங்க, 25 வருஷ மரத்த சாச்சு மறுநடவு பண்ணின உடனே அந்த பக்கத்து லயத்துல திடீர்னு லைன் அம்சமா வரும். கம்பெனிக்காரன் டவர் போட்டுட்டான்னு சந்தோஷப்படுவாங்க. கன்னு வளர வளர திரும்ப பழைய கதை.

இதுல தெரிஞ்சுக்க வேண்டியது, அலைவரிசை சின்ன நம்பர்னா மரத்த தாண்டி வரும், பெரிய நம்பர்னா வேகம் அதிகம் ஆனா சீக்கிரம் செத்துடும். 900 மெகாஹெர்ட்ஸ் வந்து சேர்ற வீட்டுல 2600 வராது. 5ஜியிலயும் அப்படித்தான், 700ம் இருக்கு 3500ம் இருக்கு, டவர் பக்கத்துல பறக்கறது 3500. போன்ல 5ஜின்னு காட்டுதேன்னு 5ஜி மோடத்துக்கு ஓடாதீங்க, தோட்டத்துக்குள்ள பல வீட்டுல நிலையா நிக்கிற 4ஜி எவ்வளவோ மேல்.

கேள்வி: ஷாப்பி ஆன்லைன் கடையில சிக்னல் பூஸ்டர் 200 வெள்ளிக்கு போட்டிருக்கான், வாங்கவா?

வேணாம். வேணவே வேணாம். லைசன்ஸ் இல்லாத பூஸ்டர மாட்டறது சட்டப்படி குத்தம், எம்சிஎம்சி (போன், இன்டர்நெட்ட கண்காணிக்கிற அரசாங்க ஆணையம்) ஆளுங்க வந்து கழட்டிட்டு போவாங்க. சட்டத்த விடுங்க, அது டவருக்கே கத்தி கத்தி தொந்தரவு குடுத்து உங்க வரிசை முழுக்க லைன கெடுத்துடும், அப்புறம் அக்கம்பக்கம் உங்கள திட்டும். மோடமோ ஆன்டெனாவோ எத வாங்கினாலும் சிரிம் (தரச் சான்று) ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க. வைபை எக்ஸ்டென்டர் வேற சாமான், அத தாராளமா மாட்டலாம், ஆனா அது மோடத்துல இருந்து வர்றத பின்ரூமுக்கு எடுத்துட்டு போகும், அவ்வளவுதான். மோடத்துக்கே வரலன்னா எக்ஸ்டென்டர் எத எடுத்துட்டு போகும்?

கேள்வி: அப்ப எங்க வீட்டுல எல்லா ஜன்னல்லயும் 110க்கு மேலதான் காட்டுது. கூரை பூரா தகரம். என்னதான் பண்றது?

தகரக் கூரை ஒரு குடை மாதிரி, மழைய தடுக்கிற மாதிரியே சிக்னலயும் தடுக்கும். அப்ப மோடம்தான் வெளிய போகணும். வெளியில மாட்டறதுக்குன்னே 4ஜி மோடம் வருது, மழை வெயில் தாங்கும், வீட்டுக்குள்ள இருந்து ஒரே லான் கேபிள்ல கரண்டும் போகும் டேட்டாவும் வரும், 100 மீட்டர் வரைக்கும் இழுக்கலாம். சாதா மோடத்துக்கு வெளிய ஆன்டெனா மட்டும் மாட்டி நீள வயர் இழுக்கிறவங்களும் இருக்காங்க, வேணாங்கறேன், ஆன்டெனா புடிச்சத அந்த வயரே பாதி வழியில சாப்ட்டுடும்.

எங்க சித்தப்பா வீட்டுக்கு இப்படித்தான் பண்ணேன். 20 அடி ஜிஐ பைப்பு, பழைய ஆஸ்ட்ரோ (சாட்டலைட் டிவி) பிராக்கெட், ரெண்டு யூ போல்ட். தரையில மைனஸ் 113, மேல ஏத்தினதும் மைனஸ் 94. வெறும் 19தானேன்னு நெனைக்காதீங்க, இந்த கணக்குல ஒவ்வொரு 10க்கும் பத்து மடங்கு, 19ன்னா கிட்டத்தட்ட 80 மடங்கு சக்தி. சித்தப்பா கீழ நின்னு நம்பர் சொல்ல சொல்ல நான் பைப்ப கொஞ்சம் கொஞ்சமா திருப்பினேன், டவர் இருக்கும்னு நெனச்ச திசைக்கு நேர் எதிர்ல, ஆத்துப் பக்கமா திரும்பினப்பதான் புடிச்சது. அதனால திசைய கண்ணால முடிவு பண்ணாதீங்க, நம்பர பாத்து திருப்புங்க. கேபிள் வீட்டுக்குள்ள நுழையற எடத்துல கீழ தொங்குற மாதிரி ஒரு வளையம் விடுங்க, மழைத்தண்ணி அந்த வளையத்துலயே சொட்டிடும், உள்ள ஓடி வராது. வீடு தோட்டத்தோடதுன்னா பைப்பு நடறதுக்கு முன்னாடி தோட்ட ஆபீஸ்ல கிராணிகிட்ட (கிளார்க்) ஒரு வார்த்த சொல்லிடுங்க. ஏணி ஏற தெரியாதவங்க ஏறாதீங்க, சொல்லிட்டேன்.

கேள்வி: ஆஸ்ட்ரோ தட்டு இருக்கே, அதுலயே இன்டர்நெட் எடுக்க முடியாதா?

முடியாதுங்கய்யா. அது காது மட்டும், வாய் கெடையாது. இன்டர்நெட்டுக்கு நாமும் திரும்ப பேசணும்.

கேள்வி: ஸ்டார்லிங்க் பத்தி சொல்லுங்க. தோட்டத்துக்கு அதுதான் வழின்னு யூடியூப்ல பாத்தேன்.

நான் மேல சொன்ன சாட்டலைட் இன்டர்நெட்தான் அது. வேலை செய்யும், நல்லாவே செய்யும். ஆனா மலிவுன்னு கேட்டீங்க இல்ல? 2023 ஜூலைல இங்க வந்தப்ப மாசம் 220 வெள்ளி, தட்டுக்கு 2,300 வெள்ளி. அதுக்கப்புறம் விலை மாறிக்கிட்டே இருக்கு, அவங்க வெப்சைட்ல அன்னைக்கு என்ன விலையோ அத பாத்துக்கோங்க. வானம் தொறந்து தெரியணும், தலைக்கு மேல மரம் இருந்தா நிமிஷத்துக்கு ஒரு தடவ அறுந்து அறுந்து வரும். கரண்டும் இழுக்கும், 75 வாட்ன்னு வச்சாலே 24 மணி நேரமும் ஓடினா மாசம் 54 யூனிட். சிம்மே புடிக்காத தோட்ட டிவிஷன்ல மூணு வீடு சேந்து யோசிக்கலாம், டவுன் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு தேவையே இல்ல.

கேள்வி: மூணு வீடு சேந்து ஒரு மோடம் போட்டு பில்ல பிரிச்சுக்கலாமா?

வித்து காசு பாக்கறதுக்கு பெலான் கண்டிஷன்ல எடம் இருக்காது, படிச்சு பாருங்க. அண்ணன் தம்பி ஒட்டின வீடுன்னா பல பேர் செய்யறாங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, யார் ஐசில (அடையாள அட்டை) எடுத்திருக்கோ அவங்க பேர்லதான் எல்லாம் நிக்கும், பாக்கி பில்லும் சரி, பக்கத்து வீட்டு பையன் ஏதாச்சும் எக்குத்தப்பா செஞ்சாலும் சரி.

கேள்வி: அன்லிமிடட்னு வாங்கினோம் அண்ணே, 20ஆம் தேதியானா நத்தை மாதிரி ஆயிடுது. பிள்ளைக்கு எஸ்பிஎம் பரீட்சைக்கு டியூஷன் ஆன்லைன்ல.

அன்லிமிடட்னா கட் ஆகாது, அவ்வளவுதான், வேகம் கொறையாதுன்னு எவனும் சொல்லல. சின்ன எழுத்துல நியாய உபயோகம்னு ஒரு ஜிபி கணக்கு இருக்கும், அத தாண்டினா இழுத்து புடிச்சுடுவான். போன் பெலான மோடத்துல போட்டீங்கன்னா இன்னொரு கண்ணி, போனுக்கு அன்லிமிடட், ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் தனி கோட்டா, வாங்கறப்ப இதயே மொத கேள்வியா கேளுங்க.

கணக்கு போட்டு பாப்போம். டியூஷன் வீடியோ மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி. வாரம் அஞ்சு நாள் ரெண்டு மணி நேரம், மாசத்துக்கு 40 ஜிபி. இது பெருசே இல்ல. திங்கறது யாருன்னா ராத்திரி அப்பா பெரிய டிவில எச்டில படம் பாக்கறாரு பாருங்க, மணிக்கு 3 ஜிபி போகும், ரெண்டு படம் பாத்தா பிள்ளையோட ஒரு வாரம் போச்சு. தரத்த 480க்கு எறக்கி விடுங்க, அப்பாவுக்கு வித்தியாசம் தெரியாது, எங்க வீட்டுலயே பண்ணியிருக்கேன்.

பரீட்ச நேரத்துல லைன் படுத்துட்டா பக்கத்துல நாடி சென்டர் இருக்கான்னு விசாரிங்க, முன்ன புசாட் இன்டர்நெட், பெடின்னு பேரு இருந்துச்சே அதேதான். கம்ப்யூட்டர் இருக்கும், லைன் இருக்கும், பிள்ளைங்க உக்காந்து படிக்கலாம்.

கேள்வி: ஒரு கம்பெனில 24 மாசம் கையெழுத்து போட்டுட்டேன், வீட்டுல லைனே வரல. நிறுத்தினா அபராதம் கட்டுன்னு சொல்றாங்க.

வாயால பேசாதீங்க, ஆதாரம் சேருங்க. ஒரு வாரம், தெனம் ராத்திரி ஒரே எடத்துல ஸ்பீட் டெஸ்ட் எடுத்து ஸ்கிரீன்ஷாட், அந்த மைனஸ் நம்பரும் சேத்து. மொதல்ல கம்பெனிக்கே புகார் குடுத்து ரெபரன்ஸ் நம்பர் வாங்கிக்கோங்க. பதில் சரியில்லன்னா அந்த நம்பரோட எம்சிஎம்சிக்கு போடுங்க, அவங்க நெக்ஸஸ் ஆப்லயும் குடுக்கலாம். மேனேஜர் வரைக்கும் போய் கத்தினவங்கள விட ஏழு ஸ்கிரீன்ஷாட் வச்சிருந்தவங்க சீக்கிரம் வெளிய வந்தத நான் பாத்திருக்கேன்.

கேள்வி: வீட்டுல பழைய புரோட்பேண்ட் குச்சி ஒண்ணு கெடக்கு, அதுல சிம் போட்டா ஓடுமா தம்பி? வீடியோ கால் மட்டும் போதும், மக ஜொகூர்ல இருக்கா.

3ஜி குச்சின்னா ஓடாது ஆன்டி, 2021 கடைசியோட 3ஜிய நிறுத்திட்டாங்க. உங்களுக்கு மோடமே வேணாம். உங்க போன்லயே சின்ன பிரீபெய்டு டேட்டா போட்டு மககிட்ட பேசுங்க. கடைக்கு வாங்க, ஜன்னல் எதுன்னு கேட்டு சிம் எதுன்னு சொல்றேன்.

கேள்வி: இடி இடிச்சா மோடத்த ஆப் பண்ணா போதுமா?

சுவிட்ச ஆப் பண்ணா பத்தாது, பிளக்கயே புடுங்கணும். வெளிய மோடம் மாட்டினவங்க இடி பக்கத்துல வர்றதுக்கு முன்னாடியே லான் கேபிளயும் புடுங்கிடணும், இடி அது வழியாவும் வரும். பைப்புக்கு எர்த் கம்பி போட வயர்மேன கூப்பிடுங்க, அதுல கஞ்சத்தனம் வேணாம். இந்த மாசம் மட்டும் என் மேசைக்கு கருகின மோடம் நாலு வந்துச்சு, நாலும் சாயந்திர மழையில போனது.