மீன்தொட்டி: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: என்னுடைய தொட்டி 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். ஏஞ்சல் 8, டெட்ரா 30, கிளவுன் லோச் 5, டாங்க் கிளீனர் மீன் 2. மார்கழி மழைக்குள் புதிதாக 10 டெட்ரா வாங்கித் தொட்டிக்குள் விட்டேன். சில நாளில் லோச்சின் மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. கடையில் தந்த நீல மருந்தை ஊற்றினேன், இரண்டு நாளில் புள்ளி போய்விட்டது. நிறுத்தினேன். இப்போது ஏஞ்சலின் செட்டையிலும் புள்ளி, 4 மீன் செத்துவிட்டன. மிச்சத்தைக் குளத்தில் விட்டுவிடவா?
(வாசகர், களுவாஞ்சிகுடி)

பதில்: தம்பி, அந்தப் புள்ளி உங்கள் மருந்தால் போகவில்லை. முற்றிக் கழன்று விழுந்தது. இதில் ஏமாறாத மீன்காரன் இல்லை.

'இக்' என்று சுருக்கிச் சொல்லும் இந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் புகுந்து தின்று வளரும். உப்புக்கல் போலத் தெரிவது, மேலே மீனின் தோலே மூடியிருக்கிற கொப்புளம். நீலமோ பச்சையோ, மருந்து அங்கே போய்ச் சேராது. வளர்ந்தது கழன்று மணலில் ஒட்டி, கூடு கட்டிப் பிரியும். ஒன்றிலிருந்து நூற்றுக்கணக்கில், சிலவேளை ஆயிரம் வரை குஞ்சு. அவை மீனைத் தேடி நீந்தித் திரியும் ஒன்றிரண்டு நாளில்தான் மருந்துக்கு அகப்படும். நீங்கள் நிறுத்திய நேரம் அவை மணலுக்குள் பெருகிக்கொண்டிருந்தன.

முதலில் தண்ணீரை அளந்துகொள்ளுங்கள். 2 அடித் தொட்டியென்றாலும் தண்ணீர் 1¾ அடிதானே நிற்கும்? அப்படியென்றால் 21 கன அடி, ஏறத்தாழ 594 லீற்றர். மணலும் கல்லும் கழித்தால் 530 அளவில். கடைக்காரர் "ஆறடியா, 700 லீற்றர்" என்று கண்ணால் அளந்து மருந்து தருவார். செதில் பொடியான லோச்சுக்கு அந்தக் கூடுதல் மருந்தே போதும், செத்துவிடும்.

எனக்கு அது 2011 தை மாத வெள்ளத்தில் நடந்தது. கரண்ட் இல்லை, காற்று மோட்டார் நின்றுவிட்டது. பதற்றத்தில் மலகைட் பச்சையும் ஃபோர்மலினும் கலந்த மருந்தை முழு அளவில் ஊற்றினேன். ஃபோர்மலின் தண்ணீரின் ஒட்சிசனையும் குறைக்கும் என்பது அப்போது நினைவில் வரவில்லை. விடியப்புறம் டோர்ச் அடித்துப் பார்த்தால் லோச் மூன்றும் வாயைத் திறந்தபடி மிதந்தன. அன்றிலிருந்து லோச் உள்ள தொட்டிக்கு நான் கையில் எடுப்பது உப்பும் சூடும்தான்.

மழைக்குளிரில் இப்போது உங்கள் தண்ணீர் 25, 26 பாகையில் நிற்கும். நாளுக்கு ஒரு பாகையாக 30க்கு ஏற்றுங்கள். இந்த அளவுக்கு 300 வாற்று ஹீட்டர் இரண்டு வேண்டும். சூட்டுத் தண்ணீரில் காற்றுக் குறையும், ஆகவே காற்றுக்கல் இரண்டு கூடப் போடுங்கள். கல்லுப்பு 530 கிராமை வாளியில் கரைத்து, ஒன்றரை நாளில் மூன்று தரமாக விடுங்கள். லோச் சோராவிட்டால் இன்னொரு 530. ஆவியாகிக் குறைந்த தண்ணீரை நிரப்பும்போது உப்புச் சேர்க்கக்கூடாது, ஆவியோடு உப்புப் போவதில்லை. 100 லீற்றரை எடுத்து மாற்றினால் மட்டும் 200 கிராம், முதல் 530 மட்டும் விட்டிருந்தால் 100. செடி சிலது கருகும், பறவாயில்லை.

ஒன்றுவிட்ட ஒருநாள் குழாயால் மணலை உறிஞ்சுங்கள், கூடுகள் அங்கேதான். பைப் தண்ணீரென்றால் குளோரின் போக ஒருநாள் வாளியில் வைத்து ஊற்றுங்கள். வாவிக்கரைக் கிணறென்றால் நாக்கில் வைத்துப் பாருங்கள். உவர்த்தால் உப்புக் கணக்குப் பிழைக்கும்.

கடைசிப் புள்ளி மறைந்த நாளைக் கலண்டரில் குறித்து, அதிலிருந்து ஒரு கிழமை தொடருங்கள். பிறகு தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாக மாற்றி உப்பை எடுக்கலாம்.

குளத்தில் விடவே வேண்டாம். டாங்க் கிளீனர் நம் நாட்டுக் குளங்களில் ஏற்கெனவே பெருகி மீனவரின் வலையில் சிக்கித் தொல்லை கொடுக்கிறது.

கேள்வி: புது மீனை உப்புத் தண்ணீரில் ஒருதரம் முக்கியெடுத்து விட்டால் போதாதா?
(வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: போதாது பிள்ளை. உடம்பில் ஒரு புள்ளியும் இல்லாமல் சிலவேளை 'இக்' செவுளுக்குள் மட்டும் இருக்கும். மூன்று கிழமை வேறாக வையுங்கள். மீன் வாடியில் கேட்டால் தரும் ரெஜிபோம் பெட்டியும் ஒரு ஸ்பொஞ்ச் பில்டரும் போதும். அந்தப் பெட்டிக்கென்று தனி வலை. ஈர வலையோடு பெரிய தொட்டிப் பக்கம் போகாதீர்கள்.