வாசகர் கேள்வி பதில்: வெள்ளம் ஏறிய வீட்டுக்கு என்ன விலை?

கேள்வி: ஜோர்ஜ்டவுனில் ஆற்றை ஒட்டிய சந்தில் என் மாமனார் கட்டிய தரைவீட்டில் குடியிருக்கிறோம். 2017 நவம்பர் வெள்ளத்தில் ஜன்னல் வரை தண்ணீர் நின்றது. அதன் பிறகும் பலமுறை சேறு வாரியிருக்கிறோம். இப்போது ஆற்றை அகலப்படுத்துவதற்காக வீட்டோடு நிலத்தை எடுக்கப்போவதாக ‘இ’ படிவம் வந்திருக்கிறது. விசாரிக்கப் போன இடத்தில், வெள்ளம் ஏறும் இடத்துக்குப் பெரிய தொகை எதிர்பார்க்க வேண்டாம் என்றார்கள். வீட்டைப் புதுப்பிக்க வாங்கிய வங்கிக் கடன் இன்னும் பாக்கி இருக்கிறது. முன்பு வாங்கிய வெள்ள உதவியையும் கழித்துக்கொள்வார்களோ என்று பயமாக உள்ளது. கொடுப்பதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்கிறார் என் கொழுந்தனார். என்ன செய்வது?
– வாசகி, பினாங்கு

பதில்: அன்புச் சகோதரி, கையெழுத்துப் போடுவதற்கு முன், இரண்டு வகைப் பணத்தைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளத்துக்குப் பின் கொடுக்கப்படும் ‘வாங் இஹ்சான்’ என்பது அதன் பெயரே சொல்வது போல் அரசின் பரிவுத்தொகை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஒரு குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட் என்று கொடுத்தார்கள். வீட்டில் பாய் மட்டும் நனைந்ததா, சுவரே இடிந்ததா என்று பார்த்து அந்தத் தொகை கூடவோ குறையவோ இல்லை. அந்த வெள்ளத்தின் மொத்த இழப்பைப் புள்ளிவிவரத் துறை 610 கோடி ரிங்கிட் என்றும், அதில் குடியிருப்புகளின் பங்கு மட்டும் 160 கோடி என்றும் கணித்ததை நினைத்தால், பரிவுத்தொகையை இழப்பீடு என்று அழைப்பது பொருந்தாது என்பது விளங்கும். உங்களுக்கு இப்போது வரவேண்டியது வேறு பணம். போதுமான இழப்பீடு இல்லாமல் எவருடைய சொத்தையும் கட்டாயமாக எடுக்கச் சட்டம் வகை செய்யக் கூடாது என்று கூட்டரசு அரசியலமைப்பின் 13-ஆவது பிரிவு கூறுகிறது. அது உங்கள் உரிமை. இழப்பீட்டைக் கணக்கிடும் முறை 1960-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. முன்பு வாங்கிய வெள்ள உதவியைக் கழிக்கும்படி அதில் எதுவும் சொல்லப்படவில்லை.

சிக்கல் இருப்பது அந்த அட்டவணை கணக்குக்கு அடிப்படையாக வைக்கும் ‘சந்தை விலை’ என்ற சொல்லில்தான். நிலம் தேவைப்படலாம் என்று சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி அறிவிப்பு வெளியாகி 12 மாதங்களுக்குள், நிலம் எடுக்கப்படும் என்ற 8-ஆம் பிரிவின் பிரகடனம் வந்திருந்தால் அந்த முதல் அறிவிப்பு நாளின் விலையையும், இல்லையென்றால் பிரகடன நாளின் விலையையும் எடுத்துக்கொள்வார்கள். திட்டத்தால் பிற்பாடு ஏறப்போகும் விலை கணக்கில் வராது. வீட்டை விட்டுப் போக உங்களுக்கு மனமில்லை என்பதும் வராது. ஆனால் ஆண்டுக்கணக்கில் வெள்ளம் ஏறியதால் இறங்கிப்போன விலை மட்டும் அப்படியே கணக்கில் நின்றுவிடுகிறது. ஒரு பேச்சுக்கு, வெள்ளமே காணாத அடுத்த தாமானில் அதே அளவு வீடு 4 லட்சம், உங்கள் சந்தில் 3 லட்சம் என்று வையுங்கள். மேட்டில் காடழித்துக் கட்டடம் எழும்பியதற்கும், வடிகால் போதாமல் போனதற்கும் நீங்கள் பொறுப்பில்லை. இருந்தும் அந்த ஒரு லட்சம் உங்கள் தலையில்தான் விழுகிறது. எடுக்கப்படும் வீட்டுக்குப் பதிலாக வெள்ளம் வராத இடத்தில் அதே போன்ற வீடு வாங்க முடிகிற தொகையே நியாயமான இழப்பீடு என்பது என் கருத்து. சட்டம் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. (வெள்ளத்தைத் தடுக்கும் திட்டத்துக்கு இடம் கொடுப்பவரிடமே வெள்ளத்தைக் காட்டி விலையைக் குறைப்பது, எனக்கென்னவோ நெருடலாகவே இருக்கிறது.)

ஆகவே வாதத்தை, இழப்பீட்டை முடிவு செய்ய நில நிர்வாகி நடத்தும் விசாரணை நாளிலேயே எழுத்தில் வையுங்கள். ‘இ’ படிவம் கையில் கிடைத்ததற்கும் விசாரணைக்கும் இடையே உள்ள நாள்கள் குறைவு. பதிவு பெற்ற தனியார் மதிப்பீட்டாளரை இன்றே பாருங்கள். உங்கள் சந்தில் அண்மையில் கைமாறிய வீடுகளின் விலை, தரையை உயர்த்தவும் சுவரைக் கட்டவும் செய்த செலவின் ரசீதுகள், நீட்டிக் கட்டிய பகுதிக்கு ஊராட்சி மன்றம் அங்கீகரித்த வரைபடம் ஆகியவை அவர் கையில் இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத பகுதிக்குப் பணம் கேட்பது கடினம். வீடு மாறுவதால் ஏற்படும் நியாயமான செலவை அட்டவணையே ஏற்றுக்கொள்கிறது. எனவே லாரி வாடகை உட்பட அதையும் தொகை குறிப்பிட்டுக் கேளுங்கள், வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள்.

விசாரணை முடிவில் நில நிர்வாகி அறிவிக்கும் தீர்ப்புத் தொகை குறைவாக இருந்தால், கொழுந்தனார் சொல்வது போல் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று குறித்துத்தான் வாங்க வேண்டும். அப்படிக் குறிக்காமல் வாங்கினால், தொகை போதவில்லை என்று பிறகு நீதிமன்றம் போகும் வழி அடைபட்டுவிடும். விசாரணைக்கு நீங்களோ உங்கள் பிரதிநிதியோ போயிருந்தால் தீர்ப்பு நாளிலிருந்து 6 வாரங்களுக்குள், ஆட்சேபத்தை நீதிமன்றத்துக்கு அனுப்பக் கோரும் ‘என்’ படிவம் கொடுத்தாக வேண்டும். வழக்கை உயர்நீதிமன்ற நீதிபதி இரண்டு மதிப்பீட்டு உறுப்பினர்களோடு அமர்ந்து கேட்பார். அந்த உறுப்பினர்களின் கருத்து நீதிபதியைக் கட்டுப்படுத்தாது என்று 2017-இல் செமினி ஜெயா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே அரசாங்கத்தோடு வழக்காட முடியுமா என்று தயங்க வேண்டாம். சட்டமே அதற்கு வழி வைத்திருக்கிறது.

வங்கிக் கடனுக்கு வீடு அடமானமாகப் பதிவாகியிருந்தால் வங்கியும் இழப்பீட்டில் பங்கு கேட்கும். பாக்கித் தொகையை எழுத்து மூலம் இப்போதே கேட்டு வாங்குங்கள். கடனை அடைத்தபின் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று தெரியாமல் புது வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: வீடு எங்களுடையது, நிலம் எங்களுடையதன்று. ஆற்றோரம் என்பதால் எடுக்கப்போகிறார்கள். எங்களுக்கு ஏதும் உண்டா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: நீங்கள் எந்த அடிப்படையில் அங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நில உரிமையாளருக்கு மாதாமாதம் வாடகை கட்டி வந்தவர், இழப்பீட்டில் பங்கு கோரும் நபராக விசாரணையில் ஆஜராகலாம். உரிமையாளர் விரும்பும் வரை மட்டுமே இருக்க அனுமதிக்கப்பட்டவரைச் சட்டம் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதனால் வாடகை ரசீதுகளே உங்கள் ஆயுதம். கையால் எழுதிய பழைய துண்டுச் சீட்டுகளையும் எறிந்துவிடாதீர்கள். அரசு நிலத்தில் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் இருப்பவர் என்றால் நிலைமை இன்னும் பலவீனமானது. அந்த உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். புதுப்பித்தே தீர வேண்டும் என்ற கடமை அரசுக்கு இல்லை. அப்போது சட்டப்படி இழப்பீடு கோருவதைவிட, மாற்று வீடு கேட்டுக் குடியிருப்பாளர்கள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து, உரிமம் நடப்பில் இருக்கும்போதே மனுக் கொடுப்பது பயன் தரும். வீடுகள் உடைபடத் தொடங்கிய பிறகு கொடுக்கும் மனுவைப் படிக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.