கொலைச் செய்தி விற்கும் டேப்ளாய்டு இதழ்களால் யாருக்குப் பயன்?

‘கொலை, கள்ளக்காதல், கிசுகிசு ஆகியவற்றால் பக்கங்களை நிரப்பும் டேப்ளாய்டு நாளிதழ்களால் சமூகத்துக்கு ஏதேனும் பயன் உண்டா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு என்பதே என் பதில். ஆனால் அந்தப் பயனைக் காண, அவ்விதழை விலை கொடுத்து வாங்குகிறவர் எங்கே வசிக்கிறார் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், எப்பிங் தொழிற்பேட்டையில் இருந்த ஒரு கிடங்கின் கணக்குப் பிரிவில் நான் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே தேநீர் இடைவேளையில் ‘டெய்லி வாய்ஸ்’ என்னும் டேப்ளாய்டு நாளிதழின் ஒரே பிரதி பத்துப் பேர் கைகளில் சுற்றி வரும். கால்பந்துப் பக்கம் ஒருவரிடமும், நடுத்தாள் இன்னொருவரிடமுமாகப் பிரிந்துவிடும். மேலாளரின் மேசைக்கு வரும் பெரிய நாளிதழோ மாலை வரை மடிப்புக் கலையாமல் கிடக்கும்.

அந்தப் பத்துப் பேரும் ‘கேப் ஃபிளாட்ஸ்’ என்று அழைக்கப்படும் மணற்பாங்கான சமவெளிக் குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள். நிறவெறி அரசு 1950-இல் இயற்றிய குழுப் பகுதிகள் சட்டம், எந்த இனத்தவர் எந்த இடத்தில் வசிக்கலாம் என்று நகரத்தைக் கூறு போட்டது. நகரின் நடுவே இருந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்னும் பகுதி 1966 பிப்ரவரியில் வெள்ளையருக்கு உரியது என்று அறிவிக்கப்பட்டு, அங்கிருந்து மட்டும் 60,000-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் ‘கலர்ட்’ என்று அரசு வகைப்படுத்திய மக்கள்: கேப் நிலத்தின் தொல்குடிகளுக்கும், ஐரோப்பியருக்கும், டச்சுக்காரர்கள் கப்பலேற்றிக் கொண்டுவந்த அடிமைகளுக்கும் வழிவந்தவர்கள். (அந்த அடிமைகளில் சோழமண்டலக் கரையிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவர்களும் உண்டு என்பதை நம் ஊரில் அதிகம் பேர் அறியார்.) மானன்பர்க், ஹனோவர் பார்க், மிட்செல்ஸ் பிளேன் ஆகிய ஊர்கள் எல்லாம் இவ்வாறு குடியமர்த்தப்பட்டவர்களுக்காகக் கட்டப்பட்டவை.

நகரத்தில் செய்தித்தாள்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ‘கேப் ஆர்கஸ்’ 1857-இலும், ‘கேப் டைம்ஸ்’ 1876-இலும் தொடங்கியவை. 1915-இல், டச்சிலிருந்து கிளைத்த ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் வெளிவந்த நாளிதழான ‘டீ பர்கர்’ இதழின் முதல் ஆசிரியர் டி. எஃப். மலான், 1948-இல் பிரதமராகி நிறவெறியை அரசுக் கொள்கையாக நிலைநாட்டியவரும் அவரே. இவ்விதழ்களில் கேப் ஃபிளாட்ஸ் மக்கள் செய்தியாக வந்து போனார்களே தவிர, எந்த ஆசிரியரும் தம் முதன்மை வாசகராக மிட்செல்ஸ் பிளேன் தொழிலாளியை மனத்தில் வைத்துப் பக்கங்களை அமைத்ததாகத் தெரியவில்லை. அந்த இடைவெளியில் 2003-இல் ‘சொன்’ என்னும் ஆப்பிரிக்கான்ஸ் டேப்ளாய்டும், 2005-இல் ‘டெய்லி வாய்ஸ்’ இதழும் நுழைந்தன. இதைக் கருணை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. ‘சொன்’ இதழை வெளியிட்டது ‘டீ பர்கர்’ இதழின் அதே குழுமம். ‘டெய்லி வாய்ஸ்’ அப்போது ஓர் அயர்லாந்து முதலாளியின் குழுமத்துக்குச் சொந்தமாக இருந்தது. அதுவரை எவரும் பொருட்படுத்தாத வாசகர் கூட்டம் ஒன்று கையில் சில்லறையோடு நிற்பதை வணிகக் கண்கள் கண்டுகொண்டன, அவ்வளவுதான்.

ஆயினும் அந்த வணிகம் ஒரு வேலையைச் செய்தது. மானன்பர்க்கில் இரண்டு கும்பல்களுக்கு இடையே துப்பாக்கிச் சூடு நடந்து, வழியோடு போன ஒரு சிறுவன் இறந்தால், பெரிய நாளிதழில் அது உள்பக்கத்தில் சில வரிகளாகச் சுருங்கிவிடும். டேப்ளாய்டில் அச்சிறுவனின் பெயர் இருக்கும், படித்த பள்ளி இருக்கும், தாயின் பேச்சு அவர் பேசியபடியே இருக்கும். அடுத்தடுத்த நாள்களில் இறுதிச் சடங்கும், பிடிபட்டவரின் ஜாமீன் விசாரணையும் தொடர்ந்து வரும். ‘காலையிலேயே எதற்கு இந்த இரத்தக்களரி?’ என்று எங்கள் கிடங்கில் சரக்குத் தூக்கி வண்டி ஓட்டிய ஒரு பெரியவரிடம் ஒருமுறை கேட்டேன். அவர் பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, ‘நேற்று எந்தத் தெருவில் சுட்டார்கள் என்று தெரிந்தால்தானே இன்று பேத்தியை எந்த வழியாகப் பள்ளிக்கு அனுப்புவது என்று முடிவு செய்யலாம்?’ என்றார். கடலோரத்து மீனவர் வானிலை அறிக்கை கேட்பதைப் போல அவர் அந்தக் கொலைச் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தார். நான் அதைப் பரபரப்பு என்று நினைத்தது, அந்தத் தெருக்களில் நான் நடக்க வேண்டியிராத வசதியால்தான்.

கொலைக்கு அப்பாலும் செய்திகள் உண்டு. நகராட்சி அடுக்குக் குடியிருப்பில் ஒழுகும் கூரை, பொங்கி வழியும் சாக்கடை, ‘டிக்’ என்னும் போதைப்பொருளுக்கு மகனைப் பறிகொடுத்த தாய், ஆண்டுதோறும் ஜனவரி 2-ஆம் நாள் நடக்கும் பாட்டுக் குழுக்களின் ஊர்வலம் என்று அந்த மக்களின் வாழ்க்கை முழுவதும் அதில் இடம் பெற்றது. ஆங்கிலத்தினூடே ‘காப்ஸ்’ என்னும் அவர்களது பேச்சு ஆப்பிரிக்கான்ஸும் தயக்கமின்றி அச்சேறியது. ‘சமையலறை மொழி’ என்று பள்ளிகளில் ஏளனம் செய்யப்பட்ட பேச்சு அது. 2019 ஜூலையில் கும்பல் வன்முறையை அடக்க அரசு இராணுவத்தையே கேப் ஃபிளாட்ஸுக்கு அனுப்பியபோது நாட்டின் எல்லா ஊடகங்களும் அங்கே திரண்டன. அதற்கு முந்தைய ஆண்டுகளில் நாள் தவறாமல் அந்தச் சாவுகளை எழுதிவந்தவை இந்த மலிவு இதழ்களே.

குறைகளை மறைப்பதற்கில்லை. மூன்றாம் பக்கத்தில் அரைகுறை ஆடையில் ஒரு பெண்ணின் படம் போட்டு விற்பனையைப் பெருக்கிய வழக்கத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. இத்தகைய இதழ்கள் விளக்குக் கம்பங்களில் தொங்கவிடும் தலைப்பு அட்டைகள், துக்க வீட்டார் கடந்து செல்லும் சாலையிலேயே அவர்களது துக்கத்தைக் கூவி விற்கின்றன. தீர்ப்பு வருவதற்கு முன்பே ஒருவரை அரக்கன் என்று எழுதிவிடுவதும், கொலையின் அருவருப்பை விவரிக்கும் அளவுக்கு, அந்த மணற்காட்டில் அந்த மக்களைக் கொண்டுபோய்க் கொட்டிய வரலாற்றை விவரிக்காமல் விடுவதும் என்னை உறுத்தியவை. தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர்களிடையே, இவற்றை இதழியல் என்று ஏற்பதா என்ற விவாதம் தொடக்கத்தில் கடுமையாகவே நடந்தது. ஏற்க வேண்டும் என்பதே என் கட்சி. இதழியல் என்று ஒப்புக்கொண்டால்தான் அதற்குரிய நெறிகளைக் காட்டிக் கணக்குக் கேட்க முடியும்.

அந்தக் கணக்குக் கேட்கும் வழிதான் பிற்பாடு குறுகிப்போனது. ‘டெய்லி வாய்ஸ்’ இதழின் குழுமம் 2013-இல் கைமாறியது; இதழ்கள் மீதான முறையீடுகளை விசாரிக்கும் நாட்டின் பத்திரிகை மன்றத்திலிருந்து 2016-இல் அது விலகி, தனக்கென ஒரு குறைதீர்ப்பாளரை அமைத்துக்கொண்டது. வழக்கறிஞர் வைத்து வழக்காட வசதியுள்ளவர்களுக்கு இதனால் பெரிய இழப்பில்லை. இறந்த மகனைப் பற்றித் தவறாக எழுதிவிட்டார்கள் என்று முறையிட விரும்பும் ஹனோவர் பார்க் தாய், இனி அந்த இதழின் முதலாளியே அமர்த்திய ஒருவரிடம்தான் போய் நிற்க வேண்டும் என்றாகிவிட்டது. மூன்றாம் பக்கப் படத்தைக் காட்டிலும் எனக்கு இதுவே பெரிய தவறாகப் படுகிறது.