பழைய லேண்ட் ரோவர், ஜீப் இன்ஜின்களுக்கு எந்த டிஸ்ட்ரிபியூட்டர் நல்லது?

லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டியின் 2.25 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்குப் பழைய லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரையே (ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய நேரத்தில் ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் பாகம்) வைத்துக்கொள்ளலாமா, இல்லை புதிதாக எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்குவதற்கு முன் அதன் மேல்மூடியான கேப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே ஷாஃப்ட்டின் மேல் சுழலும் ரோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஷாஃப்ட் ஆடாமல் இறுக்கமாக நின்றால் இருப்பதை விட்டுவிடாதீர்கள். ஆட்டம் இருந்தால் எவ்வளவு நல்ல பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்டை வெட்டி ஸ்பார்க்கை உண்டாக்கும் தொடுப்பு) போட்டாலும் வீண். லூகாஸில் பாயிண்ட் இடைவெளியே 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்தான். ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, அது 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே அதில் கால்வாசி போய்விடும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்பார்க் வெவ்வேறு நேரத்தில் விழும். ஐட்லிங்கில் இன்ஜின் குலுங்கும், நாம் கார்புரேட்டரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்போம்.

இன்னொரு சோதனையும் செய்யலாம். ரோட்டரை அது சுழலும் திசையில் கொஞ்சம் திருப்பிவிட்டுக் கையை எடுங்கள். சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அப்படியே நின்றுவிட்டால் உள்ளே, வேகம் கூடக்கூட ஸ்பார்க்கை முன்னதாக விழவைக்கும் எடைக்கட்டிகள் துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அல்லது ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது.

இந்த இன்ஜினில் பொதுவாகப் பார்க்கக் கிடைப்பவை லூகாஸ் 25டி4, அதற்குப் பின் வந்த 45டி4, சில சீரிஸ் 3 வண்டிகளில் பிரெஞ்சு டூசெலியே. என் ஓட்டு 25டி4-க்குத்தான். பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருக்கும், அருகில் ஏ (அட்வான்ஸ், முன்னே), ஆர் (ரிடார்ட், பின்னே) என்று அம்புக்குறி போட்டிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தாமலே கையால் திருகி டைமிங்கைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தலாம். தரம் தெரியாத பெட்ரோல் போட்டு மேட்டில் ஏறும்போது இன்ஜின் ‘டிக் டிக்’ என்று தட்டினால் அங்கேயே நின்று ஆர் பக்கம் திருகினால் போதும். 45டி4-ல் இந்த வசதி கிடையாது, பாயிண்டைப் பொருத்திய அதன் அடித்தட்டு நாளாக ஆக ஆட்டம் காணும். டூசெலியே கெட்டது இல்லை. ஆனால் வேக்குவம் டப்பாவின் (இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தால் டைமிங்கை நகர்த்தும் பாகம்) கம்பி மாட்டும் இடத்தில் பல் வைத்த ஒரு சின்ன கேம் இருக்கும். அது எந்தப் பல்லில் நின்றது என்று குறித்துக்கொள்ளாமல் கழற்றினால் அட்வான்ஸ் மாறிவிடும்.

25டி4-லும் ஒரு வியாதி உண்டு. பாயிண்ட் தட்டையும் உடலையும் இணைக்கும் குட்டி எர்த் ஒயர், துணி உறைக்குள்ளேயே அறுந்திருக்கும். வெளியே பார்த்தால் முழுசாகத் தெரியும். ஐட்லிங்கில் இன்ஜின் ஒழுங்காக ஓடும். ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் வேக்குவம் தட்டைத் திருப்பும், ஒயர் விலகும், வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். காயில், பிளக், பெட்ரோல் பம்ப் எல்லாம் மாற்றியும் தீராத மிஸ்ஃபயருக்கு இந்த ஒயர் காரணமாக இருக்கலாம்.

சரி, புது எலக்ட்ரானிக்கா பழசா? பலரும் கவனிக்காதது அட்வான்ஸ் வளைவு, அதாவது எந்த வேகத்தில் ஸ்பார்க் எவ்வளவு முன்னதாக விழ வேண்டும் என்ற கணக்கு. 25டி4 உடலை எம்ஜிபி, மினி போன்ற கார்களுக்கும் போட்டார்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே ஸ்பிரிங்கும் எடைக்கட்டியும் வேறு. கேம் அடியில் உள்ள தட்டில் 10 என்று குத்தியிருந்தால் எடைக்கட்டிகள் தரும் அட்வான்ஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் 10 டிகிரி, அதாவது இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டில் 20 டிகிரி. வேக்குவம் டப்பாவில் 5-17-8 மாதிரி எண்கள் இருக்கும். 5 அங்குல பாதரச அளவில் அட்வான்ஸ் தொடங்கும், 17-ல் முடியும், மொத்தம் 8 டிகிரி தரும் என்று பொருள். வேகமாக ஓட வேண்டிய காருக்கான வளைவில் அட்வான்ஸ் சீக்கிரமே வந்துவிடும். அதைக் குறைந்த ஆர்பிஎம்மில் முழு பாரத்தோடு பாறை மேல் ஏறும் இன்ஜினில் போட்டால் அந்த ‘டிக் டிக்’ நாக்கிங்தான் மிச்சம். ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று விற்கும் மலிவான முழு டிஸ்ட்ரிபியூட்டர்களில் எனக்கு நம்பிக்கை வராததற்குக் காரணமும் இதுதான். பல வண்டிகளுக்குப் பொதுவான ஒரே வளைவைத்தான் வைத்திருப்பார்கள்.

அதனால் என் பரிந்துரை, பழைய உடலுக்குப் புது புஷ் போட்டு, உள்ளே பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல் வைப்பது. பாயிண்ட் தேய்மானம் போய்விடும், ஷாஃப்ட்டில் மிச்சம் இருக்கும் ஆட்டமும் அவ்வளவாகத் தெரியாது. இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். 1967 வாக்கில் லேண்ட் ரோவர் நெகட்டிவ் எர்த்துக்கு (பேட்டரியின் நெகட்டிவ் முனையை வண்டி உடலோடு இணைப்பது) மாறியது, அதற்கு முந்தைய வண்டி பாசிட்டிவ் எர்த்தாக இருக்கும். தவறான மாட்யூலை மாட்டினால் அந்த நொடியே போச்சு. அப்புறம் மாட்யூல் கேட்கும் மின்தடை (ஓம்) அளவுக்குக் குறையாத காயில் வேண்டும்.

ஜீப் வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு. இரண்டாம் உலகப்போர் ஜீப்பான வில்லிஸ் எம்பியின் ஆட்டோலைட் டிஸ்ட்ரிபியூட்டரில் வேக்குவமே கிடையாது, வெறும் எடைக்கட்டிகள்தான். பாயிண்ட் இடைவெளியும் சுமார் 0.5 மில்லிமீட்டர். லூகாஸ் அளவை அதில் வைக்காதீர்கள். அதே குடும்பத்தில் ராணுவத்துக்காக வந்த எம்38-ல் 24 வோல்ட், காயிலும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே அடைபட்டிருக்கும். ஆற்றில் இறங்கினாலும் நனையாது. மூடிய டப்பாவுக்குள் ஸ்பார்க் ஓசோனை உண்டாக்கி உலோகத்தை அரிக்கும் என்பதால், காற்று போய்வரத் தனிக் குழாய் வைத்திருக்கிறார்கள். சாதாரண கேப்பை சிலிகான் பூசி முழுக்க அடைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ரோட்டரும், பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சரும் இப்போது வருபவை பெரும்பாலும் சுமார்தான். மேல் தகட்டை ரிவெட் அடித்துப் பிடித்த ரோட்டரைத் தவிர்த்துவிடுங்கள். அந்த ரிவெட் வழியாக ஸ்பார்க் ஷாஃப்டுக்குப் பாய்ந்துவிடும், சூடானதும் வண்டி நிற்கும், ஆறியதும் ஓடும். பழைய ஒரிஜினல் கண்டென்சர் இன்னும் வேலை செய்தால் புதுசுக்காக அதைக் கழற்ற வேண்டாம்.

கடைசியாக, மாட்யூல் போட்டாலும் பாயிண்டும் கண்டென்சரும் மாட்டித் தயாராக வைத்த ஒரு தட்டை வண்டியிலேயே போட்டு வையுங்கள், கூடவே இடைவெளி அளக்கும் ஒரு ஃபீலர் கேஜும். காட்டுக்குள் மாட்யூல் செத்தால் ரிப்பேர் செய்ய வழியில்லை. தட்டை மாற்றி, இடைவெளி வைத்துக் கிளம்பிவிடலாம்.