இரண்டாவது இடம் எடுத்தால் ரேட்ஸ் சலுகை போய்விடுமா?

கேள்வி: வடமேற்கு லண்டனில் பலசரக்குக் கடை நடத்துகிறேன். கடையின் ரேட்டபிள் வேல்யூ (வரிக்காகக் கணிக்கப்பட்ட வருட வாடகை மதிப்பு) 11,500 பவுண்ட். சிறு வணிகங்களுக்கான ஸ்மோல் பிசினஸ் ரேட் ரிலீஃப் என்ற சலுகை கிடைத்ததால் இதுவரை பிசினஸ் ரேட்ஸ் (வணிக இடத்துக்கான வரி) கட்டியதில்லை. 2024 செப்டம்பர் 1 முதல் சாமான் அடுக்கப் பின்தெருவில் ஒரு ஸ்டோர் எடுத்தேன். அதன் வேல்யூ 2,400. அதைக் கவுன்சிலுக்கு அப்போதே மின்னஞ்சலில் அறிவித்தேன். 2025 நவம்பரில், "இரண்டு இடம் வைத்திருப்பதால் ரிலீஃப் இல்லை" என்று கடைக்கு மட்டும் 9,071.55 பவுண்டுக்கு பில் வந்தது. மூன்று முறை எழுதியும் பதில் இல்லை. இப்போது மாஜிஸ்திரேட் கோர்ட் சம்மன்ஸ் வந்திருக்கிறது. முறைப்பாடு கொடுத்திருக்கும்போது கோர்ட்டுக்கும் போக வேண்டுமா? கவுன்சில் வேலைகளை மேற்பார்வை செய்யும் ஸ்க்ரூட்டினி கமிட்டியில் எடுத்தால் பில்லே ரத்தாகிவிடும் என்கிறார் எங்கள் கவுன்சிலர். எங்கள் வரிசையில் இன்னும் இரண்டு கடைக்காரர்களுக்கும் இதே கடிதம் வந்திருக்கிறது.

பதில்: போகத்தான் வேண்டும். முறைப்பாடு கோர்ட் தேதியை நிறுத்தாது. இந்த ஒன்றைத் தெரியாமல் வீட்டில் இருந்துவிட்டு, பிறகு பெய்லிஃப் (கடன் வசூலிக்க வருபவர்) கடைக் கதவைத் தட்டும்போது கோப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் கவுன்சில் தவறு செய்திருப்பது அங்கேதான். இரண்டாவது இடம் எடுத்ததும் ரிலீஃப் தானாகப் போய்விடும் என்று சட்டம் சொல்லவில்லை. மற்ற இடம் ஒவ்வொன்றின் வேல்யூவும் 2,899 பவுண்டுக்கு மேற்படாமலும், எல்லா இடங்களின் மொத்தமும் லண்டனில் 28,000க்கு (மற்ற இடங்களில் 20,000க்கு) உட்பட்டும் இருந்தால் பிரதான இடத்துக்கு ரிலீஃப் தொடரும். உங்கள் ஸ்டோர் 2,400, மொத்தம் 13,900. இங்கிலாந்தில் மூன்றாவது வணிக இடம் எதுவும் உங்களிடம் இல்லையென்றால், 12,000க்கு உட்பட்ட கடைக்கு முழு ரிலீஃபும் உண்டு. ஸ்டோருக்கு மட்டும் நீங்கள் கட்ட வேண்டும்: 2,400ஐ 2024-25, 2025-26 வீதமான 49.9 பென்ஸால் பெருக்கினால் வருடத்துக்கு 1,197.60 பவுண்ட். 2024-25இல் 212 நாட்களுக்கு மட்டும் என்பதால் 695.59.

கவுன்சில் சொல்வதே சரி என்று வைத்துக்கொண்டாலும் பில் பிழைதான். நீங்கள் ஸ்டோர் எடுத்தபோது இருந்த விதிப்படி, இரண்டாவது இடம் எடுத்தவருக்குப் பழைய ரிலீஃப் 12 மாதம் தொடர வேண்டும். உங்களுக்கு முதல் நாளிலிருந்தே வெட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல், ஸ்மோல் பிசினஸ் ரிலீஃப் இல்லாத சில்லறைக் கடைக்கு 2024-25இல் 75 வீதமும் 2025-26இல் 40 வீதமும் ரீடெயில் ரிலீஃப் இருந்தது. உங்கள் பில்லில் இரண்டுமே இல்லை. ஒரே பெயரில் இரண்டு கணக்கு தெரிந்ததும் ரிலீஃபைக் கழற்றிவிட்டு, மற்றதை யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

அடுத்தது பெயர். கடை லீஸ் உங்கள் பெயரிலும் ஸ்டோர் உங்கள் லிமிடெட் கம்பெனி பெயரிலும் இருக்கிறதா? நம் கடைகளில் இது சர்வசாதாரணம். சட்டத்தின் பார்வையில் நீங்கள் வேறு, கம்பெனி வேறு. அப்படியானால் ஒரே ரேட்பேயருக்கு இரண்டு இடம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகலாம். இரண்டு லீஸையும் எடுத்துப் பாருங்கள். ஆனால் இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டி எழுதாதீர்கள். பிறகு அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

ஸ்டோருக்கான தொகையை இன்றே கட்டுங்கள். ஸ்டோர் கணக்கு இலக்கத்தைப் போட்டுக் கட்டாவிட்டால் பணம் கடைக் கணக்கில் விழுந்துவிடும். பிறகு அதை மாற்றுவது தனிப் போராட்டம். கட்டிய ரசீது கையில் இருந்தால், தகராறு கடைக் கணக்கைப் பற்றியது மட்டும் என்று கோர்ட்டில் காட்டலாம்.

கோர்ட் நாளில் அரை மணி முன்னதாகப் போங்கள். இந்த வழக்குகள் கட்டுக்கட்டாக எடுக்கப்படுகின்றன. கவுன்சில் அதிகாரி பெரும்பாலும் வெளியே நிற்பார். கணக்கை ஒரு பக்கத்தில் எழுதிக் காட்டினால் அங்கேயே வாபஸ் வாங்கவோ ஒத்திவைக்கவோ இடமுண்டு. வாபஸ் என்றால் சம்மன்ஸ் செலவையும் நீக்கும்படி கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். உள்ளே போனால் ஒரே வாதம்: ஸ்மோல் பிசினஸ் ரிலீஃப் சட்டம் தரும் உரிமை, அதைக் கழித்தால் இந்தத் தொகை கட்ட வேண்டியதே அல்ல. ரீடெயில் ரிலீஃபை அங்கே வாதாடாதீர்கள். அது கவுன்சிலின் விருப்புரிமை. வேல்யூ அதிகம் என்பதையும் பேச வேண்டாம், அதற்கு வேல்யூவைக் கணிக்கும் அரசு அலுவலகமான வி.ஓ.ஏ.வின் செக், சேலஞ்ச், அப்பீல் வழி இருக்கிறது. நீங்கள் 2024 செப்டம்பரில் அறிவித்தும் பில் 14 மாதம் கழித்து வந்ததைச் சொல்லலாம். ரேட்ஸ் வசூல் பற்றிய 1989 ஒழுங்குவிதிகள் பில்லைக் கூடிய விரைவில் அனுப்பச் சொல்கின்றன. ஆனால் 2010இல் ஹொண்டா வழக்கில் ஹை கோர்ட் சொன்னபடி, தாமதம் மட்டும் பில்லைச் செல்லாததாக்காது. அதனால் உங்களுக்கு ஏற்பட்ட பாதிப்பையும் காட்ட வேண்டும்.

இனி முறைப்பாடு. நீங்கள் எழுதிய மூன்று மின்னஞ்சலும் ரேட்ஸ் பிரிவுக்குத்தானே போயின? அங்கே அவை "விசாரணை" என்று பதிவாகி அப்படியே கிடக்கும். முறைப்பாட்டுப் பிரிவுக்கு, தலைப்பில் "ஸ்டேஜ் 1 முறைப்பாடு" என்று போட்டு எழுதுங்கள். கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட முறைப்பாட்டு நெறிக்கோவையின்படி 5 வேலை நாளில் கிடைத்ததாக அறிவிக்க வேண்டும், அதன்பின் 10 வேலை நாளில் முதல் பதில், ஸ்டேஜ் 2க்கு 20 வேலை நாள். ரேட்ஸ் கட்ட வேண்டுமா என்பதை அங்கே கேட்காதீர்கள், அது கோர்ட்டின் வேலை என்று திருப்பிவிடுவார்கள். பதில் தராதது, அறிவித்த மின்னஞ்சலைக் கவனிக்காதது, ரிலீஃபைப் பரிசீலிக்காதது என்ற மூன்றை மட்டும் தேதிகளோடு எழுதுங்கள். இரண்டு கட்டமும் முடிந்து திருப்தியில்லை என்றால் ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம். பிரச்சினை தெரிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள்.

உங்கள் கவுன்சிலர் நல்லெண்ணத்தில் சொல்கிறார், ஆனால் ஸ்க்ரூட்டினி கமிட்டியால் ஒரு பில்லையும் ரத்துச் செய்ய முடியாது. கவுன்சிலர் ஒரு விடயத்தைக் கமிட்டிக்கு அனுப்ப 2000ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 9எஃப்சி பிரிவு வழிவிடுகிறது. ஆனால் மறுபரிசீலனைக்கோ மேன்முறையீட்டுக்கோ உரிமையுள்ள தனிநபர் விவகாரத்தை 2012ஆம் ஆண்டு ஆணை விலக்குகிறது. அதே ஆணையில் ஒரு விதிவிலக்கும் உண்டு: கவுன்சில் ஒரு கணக்கில் மட்டுமல்ல, வழக்கமாகவே தன் கடமையில் தவறுகிறது என்ற குற்றச்சாட்டை அனுப்பலாம். மூன்று கடைக்கு ஒரே கடிதம் வந்திருப்பது இங்கேதான் உதவும். "ஸ்டோர் எடுத்ததால் ரிலீஃப் நீக்கப்பட்ட கணக்குகள் எத்தனை, அவற்றில் 2,899 வரம்பு பார்க்கப்பட்டவை எத்தனை, ஸ்டேஜ் 1 பதில் காலக்கெடு தவறியவை எத்தனை" என்று கேட்கும்படி கவுன்சிலரிடம் எழுதிக் கொடுங்கள். கமிட்டி சம்பந்தப்பட்ட அதிகாரியை அழைத்துக் கேட்கலாம். அறிக்கை வெளியிட்டுக் கோரினால் கவுன்சில் நிர்வாகம் 2 மாதத்துக்குள் பதில் தர வேண்டும். கூட்ட நிகழ்ச்சி நிரல் 5 முழு வேலை நாள் முன்பு வெளியாகும் என்பதால், அதற்குப் பல நாள் முன்பே காகிதம் கவுன்சிலர் கைக்குப் போயிருக்க வேண்டும். அதில் உங்கள் கடைப் பெயரோ கணக்கு இலக்கமோ வேண்டாம்.