பெட்டியில் லாரி வரும், பெயிண்ட் வராது

கேள்வி: அப்பா முப்பது வருடம் சென்னை–பெங்களூரு ரோட்டில் லாரி ஓட்டியவர். மூட்டுவலி வந்து இப்போது வீட்டோடு இருக்கிறார். அவருடைய பிறந்தநாளுக்கு ஒரு பிளாஸ்டிக் லாரி கிட் வாங்கி, என் கையால் ஒட்டிக் கொடுக்க ஆசை. 1/24 அளவில் (நிஜ வண்டியில் 24ல் ஒரு பங்கு) ஐரோப்பிய லாரி ஒன்று ஆன்லைனில் 7,200 ரூபாய் போட்டிருக்கிறது. எனக்கு இதில் முன் அனுபவம் கிடையாது. வாங்கலாமா? (வாசகர், காட்பாடி)

பதில்: 7,200 ரூபாய் பெட்டிக்கு மட்டும்தான். உள்ளே பிளாஸ்டிக் சட்டத்தோடு (ஃபிரேம்) கோத்த பாகங்கள், ரப்பர் டயர், தண்ணீரில் நனைத்து ஒட்டும் டெக்கால் தாள், படம் போட்ட விளக்கத்தாள் இருக்கும். பசை, பெயிண்ட், பிரஷ், கட்டர் எல்லாம் நீங்கள் தனியாக வாங்க வேண்டும். முதல் தடவை என்றால் இன்னும் இரண்டாயிரமாவது ஒதுக்கி வையுங்கள்.

விலை ஏன் இவ்வளவு என்றால், பெரிய லாரி கிட் போடுகிற இத்தாலியின் இட்டாலெரி, ஜெர்மனியின் ரெவெல், அமெரிக்காவின் ஏஎம்டி எல்லாமே இறக்குமதி. பொம்மைகளுக்கான சுங்கவரியை 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023ல் 70 ஆக்கினார்கள். அது கடைசியில் வாங்குகிறவர் தலையில்தான் விடியும்.

பணம் கட்டுவதற்கு முன்னால் டேப்பை எடுத்து ஷோகேஸை அளந்துவிடுங்கள். ஆறு மீட்டர் வண்டி 1/24ல் 25 சென்டிமீட்டர் வரும். 13.6 மீட்டர் டிரெய்லரும் சேர்த்து வாங்கினால் அதற்கு மட்டும் 57 சென்டிமீட்டர் வேண்டும். நான் ஆசைப்பட்டு வாங்கிய டிரெய்லர் இன்றைக்கும் பீரோ மேலேதான் கிடக்கிறது.

இதெல்லாம் இருக்கட்டும். உங்கள் அப்பா ஓட்டியது அந்த வண்டியா? அவர் ஓட்டியது லேலண்டோ டாடாவோ. அந்த ஐரோப்பிய லாரியை "நல்லா இருக்குப்பா" என்று வாங்கி ஓரமாக வைத்துவிடுவார். நான் உங்கள் இடத்தில் இருந்தால், பொம்மைக் கடையில் பின்னால் இழுத்துவிட்டால் ஓடுமே, நம்மூர் லாரி மாதிரி, அதைச் சில நூறு ரூபாய்க்கு வாங்குவேன். ஸ்க்ரூவைக் கழற்றிப் பிரித்து, ஸ்டிக்கரை உரித்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். வேலூர் லாங்கு பஜார் ஹார்டுவேர் கடையில் 600, 1000 நம்பர் வாட்டர் பேப்பர் (உப்புத்தாள்) கிடைக்கும். அதால் ஓரத்துப் பிசிறைத் தேய்த்துவிட்டு பிரைமர் அடித்தால், பாதி பொம்மைத்தனம் அங்கேயே போய்விடும்.

மீதி பாதி சின்னச் சின்ன வேலையில் போகும். பொம்மை 1/24க்குக் கிட்டத்தட்ட வந்தால் கணக்கு சுலபம். முன்னால் தொங்குகிற எலுமிச்சம்பழம் இரண்டு மில்லிமீட்டர்தான் வரும். ஒரு கடுகை எடுத்து மஞ்சள் அடித்தால் சரியாக இருக்கும். மிளகாய்க்குப் பச்சை அடித்த நூல் நுனி போதும். டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து லோடு மேல் போர்த்தினால், காய்ந்ததும் தார்ப்பாய் மடிப்பு அப்படியே நிற்கும். கயிறுக்குச் சாக்கு தைக்கிற நூல். செம்மண் நிறச் சாக்பீஸைச் சுரண்டி, அந்தப் பொடியைப் பிரஷால் மட்கார்டிலும் கீழ்ப்பக்கத்திலும் தடவுங்கள். முன் கண்ணாடியில் வைப்பர் போகிற அரைவட்டத்தை மட்டும் சுத்தமாக விட்டுவிடுங்கள், ஓடி வந்த வண்டி என்று அதுதான் சொல்லும். டி.என். 23 என்று ஆரம்பித்து, அப்பாவின் பழைய வண்டி நம்பரையே எழுதுங்கள். கை பழகிய பிறகும் ஆசை இருந்தால் அந்த 7,200 ரூபாய் கிட்டை வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய லாரி கிட்டில் பாகங்கள் கோத்த சட்டம் (ஃபிரேம்) ஒன்றே இல்லை. சீல் உடைத்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார் விற்றவர். நான் என்ன செய்வது? (வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: சீலை உடைக்காமல் உள்ளே என்ன குறைகிறது என்று யாரால் சொல்ல முடியும்? இதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. முதலில் விளக்கத்தாளில் இருக்கும் சட்டங்களின் படத்தையும் உங்களிடம் வந்த சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுங்கள். அதோடு அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். போனில் பேசியதெல்லாம் பின்னால் கைகொடுக்காது.

அதிலும் நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் ஒரு பிளாஸ்டிக் சட்டத்துக்காக அவ்வளவு தூரம் அலைவீர்களா என்பது உங்கள் இஷ்டம். பெரும்பாலும் இரண்டாவது கடிதத்திலேயே பணம் திரும்ப வந்துவிடுகிறது. அடுத்த பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டிலிருந்தே வீடியோ எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஃபெவிக்விக் போட்டு லாரியின் முன் கண்ணாடியை ஒட்டினேன். கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது. குரோம் பம்பரோ எந்தப் பசைக்கும் நிற்கவில்லை. கிட் போலியா? (வாசகி, குடியாத்தம்)

பதில்: போலி இல்லை. அந்தப் பசையிலிருந்து எழும்பும் ஆவி கண்ணாடி மேல் படிந்துதான் அப்படிப் பூக்கும். லேசாக இருந்தால் துணியில் பற்பசை வைத்து மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். கண்ணாடிப் பாகங்களுக்கு எப்போதுமே வெள்ளை ஃபெவிகால்தான், காய்ந்தால் தெரியாது.

பம்பர் விஷயம் வேறு. மாடல் பசை பிளாஸ்டிக்கை இளக்கித்தான் ஒட்டும், மேலே குரோம் பூச்சு இருந்தால் உள்ளே போகாது. ஒட்டுகிற இடத்தில் மட்டும் பிளேடால் பூச்சைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை என்றால், மழை நாளில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், ஈரம் பட்டுப் பளபளப்பு போய் வெளுத்துவிடும். கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் அடித்தாலோ, பெயிண்ட் பாதி வழியிலேயே காய்ந்து மணல் ஒட்டிய மாதிரி சொரசொரப்பாகும். வெயில் காலத்தில் நம்மூரில் காலை எட்டு மணிக்கு முன்னால் அடிப்பது நல்லது. முதலில் வெட்டிப் போட்ட சட்டத் துண்டு ஒன்றில் அடித்துப் பாருங்கள், கார் ஸ்ப்ரே என்றால் பிளாஸ்டிக்கை அரிக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.