பழைய கேமும் அதன் பூட்டும்: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

உவர்மலை: அண்ணா, 2003இல் வாங்கின ஒரிஜினல் சீடி. விண்டோஸ் 10 லெப்டொப்பில் இன்ஸ்டோல் ஆகுது. ஐகனை அமத்தினால் ஒரு செக்கன் வட்டம் சுத்திப்போட்டு நிக்குது, எரர்கூட வரேல்லை. சீடி பழுதோ?

சீடி பழுதென்றால் இன்ஸ்டோலே பாதியில் நின்றிருக்கும். சீடியைத் திறந்து உள்ளே உள்ள கோப்புகளைப் பாருங்கள். ஏழு சைபரும் கடைசியில் ஒரு ஒன்றுமாகப் பெயர் வைத்து, டிஎம்பி என்று முடியும் கோப்பு கிடந்தால் அது மக்ரோவிஷன் நிறுவனத்தின் சேஃப்டிஸ்க் பூட்டு. கேம் தொடங்கும்போது டிரைவில் இருப்பது ஒரிஜினல் டிஸ்க்தானா என்று இந்தப் பூட்டு சோதிக்கும். அதற்கு செக்டிரைவ் என்ற டிரைவர், அதாவது ஒரு துணைப் புரோகிராம், விண்டோஸின் அடிமட்டத்திலேயே ஓட வேண்டும். 2007இல் அந்த டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. 2015இல் வந்த விண்டோஸ் 10, அதை ஏற்றவே மறுத்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் வந்த அப்டேட், விஸ்டா, 7, 8 எல்லாவற்றிலும் அதை நிறுத்திவிட்டது. காவற்காரன் வேலையை விட்டுப் போய்விட்டான், கதவு பூட்டியபடியே கிடக்கிறது.

முதலில் அந்த கேமுக்கு நிறுவனம் கடைசியாக விட்ட ஒஃபிஷியல் பட்ச்சை, அதாவது திருத்தக் கோப்பைத் தேடிப் பாருங்கள். சில நிறுவனங்கள் தாங்களே சீடிச் சோதனையை எடுத்துவிட்டன. 2008இல் ஸ்டார்கிராஃப்டுக்கும் டயப்லோ 2க்கும் பிளிசார்ட் வெளியிட்ட பட்ச்கள் அப்படிப்பட்டவை. அந்த இரண்டு கேமிலும் பட்ச் போட்டபின் சீடியிலுள்ள பெரிய கோப்புகளை ஹார்ட் டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணினால் போதும், பிறகு சீடி கேட்காது. பட்ச் இல்லையென்றால் அதே கேமின் டிஜிட்டல் பதிப்பை வாங்குவதுதான் நேர்வழி. சீடியில்தான் விளையாட வேண்டுமென்றால் எக்ஸ்பி போட்ட பழைய மெஷின் ஒன்றை, இன்டர்நெட் வயரைக் கழற்றிவிட்டு, அதற்கென்றே வைத்திருங்கள்.

சீடியில் இருப்பது சேஃப்டிஸ்க் இல்லாமல் ஸ்டார்ஃபோர்ஸ் என்ற வேறொரு பூட்டு என்றால், புதிய விண்டோஸில் போட்டுப் பார்க்கவே வேண்டாம். கேமை அழித்த பிறகும் அதன் டிரைவர் மெஷினில் தங்கிவிடக்கூடும்.

கிண்ணியா: நானா, பென்டிரைவில ஒரு கூட்டாளி ரெட் அலர்ட் 2 தந்தான். விளையாட்டுத் தொடங்கி அரை நிமிசத்துல என்ட பேஸ் முழுக்க வெடிக்குது. வைரஸா?

வைரஸ் இல்லை தம்பி, அது பூட்டேதான். முறையான கொப்பி இல்லையென்று கண்டால், தொடங்கி ஏறக்குறைய 30 செக்கனில் உங்கள் கட்டடம், படை எல்லாவற்றையும் வெடிக்கவைக்கும்படி எழுதியிருக்கிறார்கள். செட்லர்ஸ் 3 இன்னும் குறும்பு: களவுக் கொப்பியில் இரும்பு உருக்கும் பட்டறையிலிருந்து இரும்புக்குப் பதில் பன்றி வரும். கேம் ‘பழுது’ என்று அந்தக் காலத்தில் வந்த முறைப்பாடுகளில் ஒரு பகுதி இப்படிப்பட்டதுதான்.

பென்டிரைவில் ஃபோல்டரை அப்படியே கொப்பி பண்ணும்போது விண்டோஸின் குறிப்பேடான ரெஜிஸ்ட்ரியில் இன்ஸ்டோலர் எழுதும் விபரம் சேர்ந்து வராது. அதனால் ஒரிஜினல் வைத்திருப்பவருக்கும் இது நடக்கலாம். அவர் திரும்ப இன்ஸ்டோல் பண்ண வேண்டும். உங்களுக்கு நல்ல வழி, 2024 மார்ச்சில் ஸ்டீம் என்ற ஒன்லைன் கேம் கடைக்கு வந்த கமாண்ட் அண்ட் கொங்கர் தொகுப்பு. ரெட் அலர்ட் 2, ஜெனரல்ஸ் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. தள்ளுபடிக் காலத்துக்குப் பொறுத்திருந்து வாங்குங்கள். முதலாவது ரெட் அலர்ட்டை 2008இல் ஈஏ நிறுவனமே இலவசமாக விட்டது. அதற்கு ஒருவருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

பாலையூற்று: ‘ஜெனரல்ஸ்: சீரோ அவர்’ கேமைக் காசு குடுத்துத்தான் வாங்கினேன். திறந்த உடனே ‘டிரெக்ட்எக்ஸ் 8.1 வேணும்’ எண்டு சொல்லி மூடுது.

டிரெக்ட்எக்ஸைத் தேடி அலைய வேண்டாம், குறை வேறு. டொக்யுமெண்ட்ஸுக்குள் கேமின் பெயரில் ஒரு ‘டேட்டா’ ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ‘ஒப்ஷன்ஸ்’ என்ற பெயரில், ஐஎன்ஐ என முடியும் சின்னக் கோப்பு இருக்க வேண்டும். புதிய விண்டோஸில் கேம் அதைத் தானாக உண்டாக்காமல் விழுந்துவிடுகிறது. நோட்பேடில் ஒரே வரி போதும்: ‘ரெசொலூஷன்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, சமன் குறி போட்டு, 1024 768 என்று இடைவெளி விட்டு எழுதிச் சேமியுங்கள். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். நோட்பேட் பின்னால் டிஎக்ஸ்டி என்று ஒட்டிவிடும், விண்டோஸ் அதை மறைத்துவிடும். ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதில் டிக் போட்டுவிட்டுப் பெயரைச் சரிபாருங்கள். டொக்யுமெண்ட்ஸை மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பான ‘ஒன்ட்ரைவ்’ பிடித்துவைத்திருந்தாலும் இதே தொல்லை வரலாம்.

மூதூர்: 97ஆம் ஆண்டு சீடி. செட்டப்பை அமத்தினாலே ‘இந்த மெஷினில் ஓடாது’ எண்டு வருது.

கேம் 32 பிட், அதன் செட்டப் 16 பிட். 64 பிட் விண்டோஸ் 16 பிட்டை ஓட்டாது. வேர்ச்சுவல் மெஷினில், அதாவது மெஷினுக்குள் இன்னொரு மெஷின்போல ஓடும் புரோகிராமில், 32 பிட் எக்ஸ்பி போட்டு, அங்கே இன்ஸ்டோல் பண்ணி, ஃபோல்டரை வெளியே கொப்பி பண்ணுங்கள். ரெஜிஸ்ட்ரி விபரத்தைத் தேடும் கேம் மட்டும் இப்படி ஓடாமல் போகலாம். விண்டோஸுக்கு முந்திய டொஸ் காலத்து கேமென்றால் இந்தப் பாடே வேண்டாம், அவற்றை ஓட்டும் டொஸ்பொக்ஸ் புரோகிராம் போதும்.

சாம்பல்தீவு: சீடியை முழுசா ஒரே கோப்பா, ஐஎஸ்ஓ ஆக்கி வைச்சனான். கேம் ஓடுது, பாட்டு மட்டும் வருதில்லை.

90களின் பல கேம்களில் இசை, சாதாரண ஓடியோ சீடிபோலத் தனி ட்ரக்குகளாக இருக்கும். ஐஎஸ்ஓ, டேட்டா ட்ரக்கை மட்டும்தான் எடுக்கும். இம்க்பேர்ன் புரோகிராமில் ‘ரீட்’ தெரிவுசெய்தால், ஓடியோ ட்ரக் உள்ள டிஸ்க்கை அது ‘பின்’, ‘கியூ’ என்று முடியும் இரண்டு கோப்பாகத் தரும். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வைக்க வேண்டும், ‘பின்’ கோப்பின் பெயரை மாற்றக் கூடாது. மாற்றினால் கியூ கோப்புக்குள்ளும் மாற்ற வேண்டும். விண்டோஸ் தானாகக் கியூவைத் திறக்காது என்பதால் அதற்கு வேர்ச்சுவல் டிரைவ் புரோகிராம் ஒன்று வேண்டும். டொஸ் கேமென்றால் டொஸ்பொக்ஸே கியூவை ஏற்றி இசையையும் தரும்.

வாசிக்கும் வேகத்தை 4 அல்லது 8க்குக் குறையுங்கள், கீறல் விழுந்த டிஸ்க்கும் பல நேரம் ஒத்துவரும். துடைப்பது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக. வட்டமாகத் தேய்க்கக் கூடாது. எல்லோரும் அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைப்பார்கள். சீடியில் ஆபத்து மேல்பக்கம்: படம் அச்சடித்த பக்கத்தின் மெல்லிய பூச்சுக்குக் கீழேயே உலோகப் படலம் இருக்கிறது. அங்கே குமிழ்முனைப் பேனாவால் எழுதினாலே போச்சு. நம்மூர் உப்புக் காற்றில் உறை இல்லாமல் அடுக்கி வைப்பதும் அதற்குக் கூடாது.

நிலாவெளி: கேமின்ர பூட்டை உடைக்கிற கிரெக் ஒண்டு கிடைச்சுது. ஆர்ஏஆர் கோப்பு, பாஸ்வேர்ட் போட்டிருக்கு. அன்டிவைரஸை நிப்பாட்டச் சொல்லுது. செய்யலாமா?

செய்ய வேண்டாம். பாஸ்வேர்ட் போடுவது உங்கள் பாதுகாப்புக்கல்ல. பூட்டிய கோப்புக்குள் ஸ்கேனர் எட்டிப்பார்க்க முடியாது என்பதற்காக. கிரெக்கை அன்டிவைரஸ் சும்மாவே சந்தேகிப்பதும் உண்மைதான், கள்ளர் அதைத்தான் சாட்டாக எடுக்கிறார்கள். உள்ளே வருவது பெரும்பாலும் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டையும் குக்கீயையும் அள்ளிக்கொண்டு போகும் புரோகிராம். குக்கீ என்பது நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்று தளத்துக்குக் காட்டும் அடையாளம். அது போனால் ஓடிபி இல்லாமலே உங்கள் கணக்குக்குள் நுழையலாம். ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்களென்றால், வேறொரு சுத்தமான மெஷினிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றி, ‘எல்லா இடத்திலிருந்தும் வெளியேறு’ என்பதை அமத்துங்கள். அதற்குப் பிறகு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள்.

ஒரு பக்கக் கதை: 2010இல் ஸ்டீமில் விற்ற மக்ஸ் பெய்ன் 2 கோப்புக்குள் ரேசர் 1911 என்ற கிரெக் குழுவின் அடையாளமே கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது.

தம்பலகாமம்: ஒன்லைனில கேம் வாங்க எங்கட வங்கிக் காட் (கார்ட்) போதுமோ? எந்தக் கடை நல்லம்?

விசா, மாஸ்டர் டெபிட் காட் போதும். வங்கிக்கு அழைத்து வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவைத் திறக்கச் சொல்லுங்கள். காட் மறுக்கப்பட்டால் முதலில் பார்க்க வேண்டியது அதை. ஸ்டீமில் இலங்கைக்கு ரூபாய் விலை இல்லை, டாலரில்தான் காட்டும். வங்கி தன் மாற்று வீதத்தோடு கட்டணமும் சேர்க்கும், ஆகவே கணக்கில் கொஞ்சம் கூட விட்டுவையுங்கள். மலிவு விலைக்காக விபிஎன் போட்டு நாட்டை மாற்றாதீர்கள், கணக்கு முடங்கும்.

பழைய கேமுக்கு என் முதல் தெரிவு ஜீஓஜீ என்ற ஒன்லைன் கடை. பூட்டு இல்லை, பல கேம்கள் புதிய விண்டோஸுக்கு ஏற்பத் திருத்தப்பட்டிருக்கும், 30 நாள் வரை காசு திரும்பக் கேட்கலாம். ஸ்டீமில் 14 நாள், அதுவும் 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால். கேமைக் கணக்கில் ஏற்றும் ‘கீ’ எனும் குறியீட்டை மட்டும் அடிமாட்டு விலைக்கு விற்கும் இடங்களைத் தவிருங்கள். களவெடுத்த வங்கிக் காட்டால் வாங்கிய கீயைப் பின்னர் நிறுவனம் ரத்துச் செய்தால் இழப்பு உங்களுக்கு.

டொக்யார்ட் வீதி: பாவிச்ச ஒரிஜினல் டிவிடி விக்கிறாங்கள், வாங்கலாமா?

பெட்டியில் ஸ்டீம் தேவை என்றிருந்தால் வேண்டாம். 2004இன் ஹாஃப் லைஃப் 2 முதல் அப்படித்தான்: கீ ஒரு கணக்கில் ஏறினால் அடுத்தவருக்கு அந்த டிஸ்க் வெறும் தட்டு.

கன்னியா: 20 வருசம் போன கேம்தானே, கொப்பி பண்ணினால் சட்டம் என்ன செய்யும்?

கடையில் இல்லை என்பதால் உரிமை முடிவதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கொம்பியூட்டர் புரோகிராம்களையும் பாதுகாக்கிறது. நீங்கள் வாங்கியதற்கு உங்களுக்கென ஒரு காப்புக் கொப்பி வைத்திருப்பது வேறு, அதைப் பத்துப் பேருக்குக் கொடுப்பது வேறு.

உப்புவெளி: விண்டோஸ் 7 மெஷின்தான் இருக்கு. ஸ்டீமில வாங்கின கேம்கள் என்ன ஆகும்?

2024 ஜனவரி 1உடன் ஸ்டீம், 7க்கும் 8க்கும் ஆதரவை நிறுத்தியது. கேம்கள் கணக்கில் இருக்கும், அந்த மெஷினில் இறக்குவதுதான் சிக்கல். ஜீஓஜீயில் வாங்கியவற்றுக்கு ‘ஒஃப்லைன் இன்ஸ்டோலர்’ என்பதை வேறொரு மெஷினில் இறக்குங்கள். பெரிய கேம் 4 ஜீபீத் துண்டுகளாக வரும். எல்லாத் துண்டும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் செட்டப் நடுவில் நிற்கும். எக்ஸ்டேர்னல் டிஸ்க்கில் போட்டு, இன்டர்நெட்டைக் கழற்றிவிட்டு ஒருமுறை இன்ஸ்டோல் பண்ணிப் பார்த்த பிறகே அதை முழுக் கொப்பி என்று எண்ணுங்கள்.